கொட்டாவிக்குக் காத்திருந்தேன்

முதல் அறிகுறி கொட்டாவி. அதை நான் எண்ணவில்லை.

மற்றதையெல்லாம் எண்ணினேன். என் மகன் சாமுவேல் ராஜபாளையத்திலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு நடையில் சுருண்டு விழுந்த அந்தப் புதன்கிழமை, மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் பேதி ஒன்பது, வாந்தி நான்கு. குரக்குவலி (கெண்டைச் சதை இறுகி இழுத்துக்கொள்வது) இடது காலில் மூன்று முறை, வலது காலில் இரண்டு முறை. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தெட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. ஆனால் கொட்டாவியை யார் எண்ணுவார்கள்? வாய் கிழிய விட்டுக்கொண்டே இருந்தான். பிரயாணக் களைப்பு என்று நினைத்தேன்.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு விழிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. அருவருப்பானதை அருவருப்பாகவே எழுதப் போகிறேன். அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் நான் செய்த தப்பு.

அது யுத்த காலம். காலரா (ஊரில் வாந்திபேதி என்கிறார்களே, அதுதான்) இரண்டாவது மாதமாக எங்கள் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. செட்டியார்பட்டியில் நின்றது என்பார்கள், சோழபுரத்தில் தொடங்கியிருக்கும். கிணறுகளில் பெர்மாங்கனேட் (கிருமியைக் கொல்லும் ஊதா நிற உப்பு) கலக்கினார்கள். குடிக்கிற தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. வாய் கொப்பளித்துத் துப்பினால் பல்லுடைந்து ரத்தம் துப்பியது மாதிரி இருக்கும். தெரு முழுக்கச் சுண்ணாம்பும் பினாயிலும். அந்த வாடையில் காப்பி குடிக்கப் பழகிவிட்டோம் என்பதே எனக்குக் கேவலமாக இருந்தது.

சாமுவேலுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. மில்லை ஒட்டிய சந்தில் ஒரே அறையில் மூன்று பேர் தங்கியிருந்தார்கள்: இவன், சோழபுரத்து மாடசாமி, வீட்டில் தெலுங்கு பேசும் சுப்பராஜு. மூன்று பேருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. இவன் வருவதற்கு மூன்று வாரம் முன்னால் மாடசாமி அந்த அறையிலேயே காலராவில் இறந்துபோனான். காலையில் தொடங்கி சாயங்காலம் முடிந்துவிட்டது. ஊருக்கு வந்துவிடு என்று நான் இரண்டு கார்டு எழுதினேன். இவன் வரவில்லை.

ஆகவே இவன் வந்து விழுந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. காலராதான். வெளியே சொன்னால் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, பாயைக் கொளுத்தி, இவனை ஊருக்கு வெளியே போட்டிருந்த காலராக் கொட்டகைக்குத் தூக்கிப் போய்விடுவார். சொல்லவில்லை. வேத புத்தகத்துக்குப் பக்கத்தில் பேதிக்கென்று ஒரு துளி மருந்துப் புட்டி வைத்திருந்தோம். கறுப்பாக, பாகு மாதிரி இருக்கும். இருபது துளி எண்ணித் தண்ணீரில் விட்டுக் கொடுத்தேன்.

அரை மணியில் பேதி நின்றது. ஒரு மணியில் கால் வலி போயிற்று. முகம் தெளிந்து, தூங்கிப்போனான். என் மனைவி ஞானப்பூ முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் செய்தாள். நானும் நின்றேன். பதினோரு நிமிஷம்.

அந்த ஜெபத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது.

மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பினான். பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். அதே பேதி, அதே வாந்தி, அதே துளி மருந்து. பிறகு ஒன்பது நாள் கழித்து மூன்றாம் முறை. ஒரே மாதத்தில் ஒருவனுக்கு மூன்று காலரா. ஊரில் ஒரு முறை வந்தவனே பிழைப்பதில்லை. இந்தக் கணக்கு கணக்கு வாத்தியாருக்கு உறைக்கவில்லை. கர்த்தருக்கு என் வீட்டின் மேல் தனிப் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை புட்டி காலியாகிவிட்டது. அதனால் மட்டுமே டாக்டரை அழைத்தேன். அழைத்ததில் என் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரி. நாற்பது வயது இருக்கும். நறுக்கென்று பேசுவாள். வந்தவள் நாடி பார்த்தாள், கண் இமையை விரித்துப் பார்த்தாள், கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்பதைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு சும்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகி அவன் மேலுதட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"எத்தனை தடவை போச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

"பதினொன்று. வாந்தி ஐந்து. குரக்குவலி..."

"கொட்டாவி எத்தனை?"

"கொட்டாவியா?"

"நான் வந்து உக்காந்து அஞ்சு நிமிஷம் ஆகல. ஏழு விட்டுட்டான். வாத்தியாரையா, காலராக்காரன் கொட்டாவி விடமாட்டான். அவனுக்கு அதுக்குத் தெம்பு இருக்காது." அவன் பக்கம் திரும்பினாள். "ஏலே, எம்புட்டு திங்க?"

சாமுவேல் சுவர்ப் பக்கம் புரண்டுகொண்டான்.

"கேக்கேன்லா. ஒரு நாளைக்கு எத்தனை?"

"பத்து" என்றான் சுவரைப் பார்த்து.

"எதில் பத்து?" என்றேன் நான். ஞானப்பூதான் மெல்ல, "அபினிங்க" என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

டாக்டரம்மா விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். அபின் வயிற்றைக் கட்டும். அதனால் பேதிக்குக் கொடுப்பார்கள். தினமும் தின்று பழகிவிட்டால், அது இல்லாத உடம்பு கட்டவிழ்ந்துபோகும். வயிறு பேதியாகும், வாந்தி எடுக்கும், கால் இழுக்கும், வியர்க்கும். பார்ப்பதற்குக் காலராவைப் போலவே இருக்கும். இவன் ஒவ்வொரு முறையும் வெட்கப்பட்டு அபினை நிறுத்தியிருக்கிறான். நிறுத்திய மறுநாள் பேதி வரும். காலரா வந்துவிட்டதென்று இவனே நம்பி, செத்தால் வீட்டில் சாகலாம் என்று பஸ் ஏறியிருக்கிறான்.

"நீங்க என்ன குடுத்தீங்க?" என்றாள்.

காலிப் புட்டியை எடுத்துக் காட்டினேன். லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு வரியின் கீழ் நகத்தால் கீறி என்னிடம் நீட்டினாள். லேபிளில் பதினேழு வரிகள். பதினோராவது வரியில் மார்பின் (அபினிலிருந்து இறக்கும் சத்து) என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஆறு வருஷம் அந்தப் புட்டி என் அலமாரியில் இருந்தது. நான் படித்தவன். அதைப் படிக்கவில்லை.

அவனுடைய பெட்டியை எடுத்து வர ராஜபாளையம் போனேன். அந்தச் சந்தை நான் மறக்க மாட்டேன். பத்து அறைகள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தேன். ஏழு அறைகளில் மூக்குப்பொடி டப்பாவில் அபின் உருண்டைகள் இருந்தன. பழைய புளியும் ஈரச் சாக்கும் கலந்தது மாதிரி வாடை. பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்கள். பகல் ஷிப்டு முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுத் தின்னாமல், பாதிக் கண் மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். சோற்றில் ஈ. ஒருவன் உதட்டிலேயே ஈ உட்கார்ந்திருந்தது; அவன் ஓட்டவில்லை.

அந்தச் சந்தில் அதற்குப் பெயர் பூட்டு. வேலைக்குக் கிளம்பும்போது ஒருவனையொருவன், "என்ன மாப்ளே, பூட்டுப் போட்டாச்சா?" என்று விசாரிப்பார்களாம். நாலைந்து நாளாக வெளிக்குப் போகாதவனைப் பார்த்து, "இவன் சாவியத் தொலைச்சுட்டான்லே" என்று சிரிப்பார்களாம். இதை எனக்குச் சொன்னவன் சுப்பராஜு. சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நீதானே சாமுவேலுக்குக் கொடுத்தது?" என்றேன்.

"நேனே, அய்யாகாரு. நான்தான். இல்லேன்னு பொய் சொல்லமாட்டேன்." தலையைக் குனிந்துகொண்டான். "மாடசாமி செத்த அன்னைக்கு அவன் அழுத அழுகைய நீங்க பாக்கல."

"என் வீட்டுப் படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான்.

சாமுவேல் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அவன் நன்றாக இருந்த ஒரு பிற்பகலில், கேட்காமலே சொன்னான்.

"மாடசாமி படுத்திருந்த எடத்தைக் கழுவி விட்டுட்டு, அதே எடத்துல உக்காந்து சோறு திங்கணும்ப்பா. வேற எடமே கெடையாது. கை வாய்க்குப் போகல. தண்ணியப் பாத்தாலும் பயம். சுப்பராஜு ஒண்ணக் குடுத்து, வயித்தப் பூட்டிக்கோன்னான்."

"அதைத் தின்றால் காலரா வராது என்று எவன் சொன்னான்?"

"எல்லாரும்தான் சொன்னாவ. வராமத்தான இருந்துச்சு." பாயின் ஓரத்தைப் பிய்த்தான். "பயம் வயித்துலதான்ப்பா இருந்துச்சு. வயித்தப் பூட்டினதும் அதுவும் நின்னுபோச்சு. மாடசாமி செத்தது யாருக்கோ நடந்த மாதிரி ஆயிட்டுது."

எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் அருவருப்புக் குறையவில்லை.

டாக்டரம்மா ஒரேயடியாக நிறுத்தவில்லை. ஒரு மரப் பெட்டியில் நூற்று முப்பத்தைந்து அபின் மாத்திரைகளை எண்ணிப் போட்டு என்னிடம் தந்தாள். முதல் மூன்று நாள் ஒன்பது ஒன்பதாக. அடுத்த மூன்று நாள் எட்டு எட்டாக. இப்படி மூன்று நாளைக்கு ஒன்று குறைத்தால் இருபத்தேழு நாளில் பெட்டி காலி. எனக்குப் பிடித்தமான கணக்கு. பலகையில் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் மாட்டினேன்.

"கெஞ்சுவான், காலைப் பிடிப்பான், சாகப்போறேன்னு கத்துவான். ஒண்ணுகூட அதிகம் குடுக்கக் கூடாது" என்றாள்.

"செத்துப்போய்விட மாட்டானே?"

"இதுல சாகமாட்டான். காலராவுல சாவான். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. சந்தேகம் வந்தா கொட்டாவியப் பாருங்க."

இதை நான் மனத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். மாணவர்களிடம் சூத்திரத்தை எப்படி ஒப்பிக்கச் சொல்வேனோ அப்படி.

அந்த நாட்களின் விவரங்களை நாகரிகம் பார்த்து விட்டுவிட முடியாது. மாத்திரை அதிகமாக இருந்த முதல் எட்டு நாளும் வெளிக்கே போகவில்லை. எனிமா (பின்வழியாகச் சோப்புத் தண்ணீர் ஏற்றுவது) கொடுத்தோம். கொடுத்தது ஞானப்பூ. நான் தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டேன். மாத்திரை குறையக் குறைய நேர்மாறு. கண்ணிலும் மூக்கிலும் ஓயாமல் ஒழுகும். தலையணை உறை நாளுக்கு மூன்று. தோல், இறகு பிடுங்கிய கோழியின் தோல் மாதிரி இருக்கும். வியர்வையில் ஒரு புளித்த நாற்றம். அவன் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்காருவதில்லை. அவன் குடித்த டம்ளரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தேன். பெற்ற பிள்ளைக்கு இப்படிச் செய்வதா என்று கேட்பவர்கள் ஒரு வாரம் அந்த வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பதினோராம் நாள், குரக்குவலி என்று அலறினான். ஓடிப்போய்க் கெண்டையைப் பிடித்தேன். சதை தளர்ந்து கிடந்தது. நடிப்பு. இன்னொரு மாத்திரை கிடைக்குமா என்று பார்த்திருக்கிறான். அன்றைக்கே அவன் பாயை உதறினேன். கிழிசலுக்குள் மூன்று மாத்திரைகள் இருந்தன. என் எதிரில் வாயில் போட்டு, விழுங்காமல் நாக்கடியில் ஒதுக்கி வைத்து, சேர்த்து ஒரே வேளையில் தின்பதற்காக எடுத்து வைத்திருக்கிறான். என் கட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கட்டம் மட்டும்தான் சரியாக இருந்தது. எச்சில் காய்ந்து பாயில் ஒட்டியிருந்த அந்த மாத்திரைகளை என் கையால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

"த்தூ" என்றேன். "மனிதப் பிறவியா நீ? தெரு நாய்கூட இப்படித் தின்னாது."

அவன் கோபப்படவில்லை. "உங்க மருந்துல ஒரு சொட்டு நாக்குல பட்டதுமே எனக்குத் தெரிஞ்சுதுப்பா" என்றான். "அந்தக் கசப்பு. எங்கப்பா கையாலேயே வருதேன்னு இருந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல முடியல."

அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரைக்கும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அவன் சொல்கிற எதையும் நம்புவதில்லை என்றும் முடிவு செய்துகொண்டேன். அதுதான் அடுத்து நடந்ததற்கு வழி செய்தது.

இருபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நாளுக்கு இரண்டு மாத்திரை என்ற அளவுக்கு வந்திருந்தோம். இரண்டு நாளாக எங்கள் பக்கத்துத் தெருவில் மறுபடி காலரா. காலை ஆறு மணி இரண்டு நிமிஷத்துக்கு சாமுவேல் பின்வாசலுக்கு ஓடினான். திரும்பி வந்து ஐந்து நிமிஷத்தில் மறுபடி ஓடினான்.

அன்றைய முதல் மாத்திரையைக் கொடுத்தேன். உடனே வாந்தியில் வந்துவிட்டது.

"இன்னும் ஒன்று கிடைக்கும் என்று வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறான்" என்று ஞானப்பூவிடம் சொன்னேன். பலகையில் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன். மொத்தம் கொடுத்தது நூற்று இருபத்தொன்பது. மீதி ஆறு.

மூன்றாவது முறைக்கு மேல் அவனால் நடக்க முடியவில்லை. ஞானப்பூ கட்டிலுக்கடியில் சட்டி வைத்தாள். அவளே எடுத்துப்போய்க் கொட்டினாள். நான் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, அவள் பின்வாசலுக்குப் போகிற காலடிச் சத்தத்தை வைத்து எண்ணினேன். நான்கு. ஐந்து. ஆறு. சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு முறையும் போய்ப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு நாள் பார்த்தது போதாதா என்றிருந்தது.

"அப்பா, இது வேற மாதிரி இருக்குப்பா" என்றான். குரல் கம்மியிருந்தது.

நான் வாசற்படியில் நின்று அவன் வாயைப் பார்த்தேன். "வேறு மாதிரியா? எங்கே, ஒரு கொட்டாவி விடு பார்ப்போம்" என்றேன்.

கிண்டலாகத்தான் சொன்னேன். நோயாளியைப் பார்த்து ஒரு தகப்பன் சொன்ன வார்த்தை இது. ஆனால் உள்ளுக்குள் நிஜமாகவே அதற்காகக் காத்திருந்தேன். கொட்டாவி வந்தால் சூத்திரம் சரி. இப்போது வந்துவிடும், இப்போது வந்துவிடும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வராதிருந்தால் என்ன அர்த்தம் என்று டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தாள். நான் அந்தப் பாதியை விட்டுவிட்டு, நடிப்பவன் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

ஒன்பதேகாலுக்கு ஞானப்பூ சட்டியோடு என் எதிரில் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க, அவன் அழுதான்" என்றாள்.

"அழட்டும்."

"அழுதான், கண்ணீர் வரல. இருபது நாளா மூக்கும் கண்ணும் ஒழுகின பய, இன்னைக்குக் கட்டையாட்டம் காஞ்சு கெடக்கான். குனிஞ்சு இதைப் பாரும்! உம்ம கணக்கு எல்லாம் பொறவு பாத்துக்கலாம்." கல்யாணமான முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் மரியாதையை இறக்கிப் பேசியது அது ஒன்றுதான்.

குனிந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தேன். பிடித்திருக்கத் தேவையே இல்லை. நாற்றம் இல்லை. லேசான மீன் வாடை மட்டும். வடிகஞ்சி மாதிரி வெளுத்த தண்ணீர், அதில் சோற்றுப் பருக்கையைக் கரைத்தது போல் துணுக்குகள். வெறும் கஞ்சியை ஊற்றி ஏமாற்றுகிறானோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இரண்டு விரலை உள்ளே விட்டேன். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று, அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது.

இருபத்திரண்டு நாள் நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவன், நாற்றம் இல்லையே என்று அன்றைக்கு நடுங்கினேன்.

அவன் கையில் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளியபடியே நின்றது. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. மூன்று மணி நேரத்தில் என் மகன் என்னைவிடக் கிழவனாகியிருந்தான்.

தெருமுனைக் குதிரை வண்டிக்காரன், வாந்திபேதி என்று கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மாட்டு வண்டி கிடைக்கவில்லை. வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் சுப்பராஜு நின்றுகொண்டிருந்தான். நான் படி மிதிக்காதே என்று சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி வந்து, அங்கே நின்று, ஞானப்பூவிடம் விசாரித்துவிட்டுப் போவானாம். எனக்கு அது தெரியாது. ஞானப்பூ, "ஏய்யா ராஜு, உள்ள வா" என்று கத்தினாள்.

"வண்டி எதுக்கு அய்யாகாரு? கட்டிலோட தூக்கிருவோம்" என்றான்.

தூக்குவதற்கு முன்னால் மடியிலிருந்து டப்பாவை எடுத்து, என் கண்ணெதிரிலேயே ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டான். "மன்னிச்சுக்கோங்க. பூட்டுப் போடலேன்னா கை நடுங்கும். கட்டிலக் கீழ போட்டுருவேன்."

முன்பக்கம் அவன், பின்பக்கம் நான். கொட்டகை ஒன்றரை மைல். ஐந்து இடத்தில் இறக்கி வைத்தோம், ஐந்தும் எனக்காக.

டாக்டரம்மா அன்றைக்குக் கொட்டகையில்தான் இருந்தாள். பார்த்ததும் சலைன் (உப்பு கலந்து காய்ச்சிய தண்ணீர், ரத்தக் குழாயில் ஏற்றுவது) புட்டியை மாட்டச் சொன்னாள். ரத்தக் குழாய் சுருங்கிக் கிடந்ததால் ஊசி ஏறவில்லை. கணுக்காலில் கீறி ஏற்றினார்கள். வேலை செய்துகொண்டே என்னிடம் கேட்டாள்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ஆறு மணி இரண்டு நிமிஷம்."

"இப்ப பத்தேகால். நடுவுல என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"கொட்டாவிக்குக் காத்திருந்தேன்."

அவள் கை ஒரு நொடி நின்றது. "நான் சொன்னத மனப்பாடம் பண்ணிட்டீங்க" என்றாள். புட்டியைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதல் நாள் ஆறு பைண்டு சலைன் ஏற்றினார்கள். மறுநாள் மத்தியானம் வரை மூத்திரம் பிரியவில்லை. அது பிரியாவிட்டால் சலைன் ஏறியும் பயனில்லை என்றாள். அந்த ஒரு நாள் முழுக்க நான் அவன் தொடைகளுக்கு நடுவில் வைத்திருந்த பீங்கான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினேழு பேர் கிடந்த கொட்டகையில், எல்லோர் எதிரிலும். ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு அடியில் கொஞ்சம் சேர்ந்தது. காப்பி நிறம். ஒரு அவுன்ஸ்கூட இருக்காது. அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

ஒன்பது நாள் இருந்தோம். மீதி ஆறு மாத்திரைகளை முதல் நாளே அவளிடம் எண்ணிக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள், அவனுக்குக் கொடுக்கவில்லை. அபின் இல்லாத வேதனை எப்போது தொடங்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது காலராவுக்கு அடியிலேயே வந்து, அடியிலேயே போய்விட்டிருக்கிறது. எந்த நாள் வந்தது, எந்த நாள் போனது என்று சொல்ல என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை. இதை யாரும் வைத்தியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒன்பது நாளில் எங்கள் கொட்டகையிலிருந்து பதினான்கு பேர் பாயில் சுருட்டப்பட்டு, சுண்ணாம்பு தூவி வெளியே போனார்கள். அபின் தின்றவனும் போனான், தின்னாதவனும் போனான். பூட்டு ஒரு வயிற்றையும் காக்கவில்லை.

சுப்பராஜுவை நானே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். நான்கு நாள் வந்தான். ஐந்தாம் நாள் வரவில்லை. சந்தில் விசாரித்தேன். அறையைக் காலி செய்துவிட்டான், எங்கே என்று தெரியாது என்றார்கள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியைப் பார்க்கிறேன்.

இது நடந்து ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. சாமுவேல் மறுபடி மில்லுக்குப் போகிறான். அறை எடுக்கவில்லை, ரயிலில் போய் வருகிறான்.

"எந்த நாளில் அது உன்னை விட்டது?" என்று ஒரு முறை கேட்டேன்.

"தெரியலப்பா. ஒருநா காலைல கஞ்சி வாசம் வந்துச்சு. பசிச்சுது. அம்புட்டுதான்."

இப்போது அவன் தின்கிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். சப்புக் கொட்டுவான், ரசத்தை உறிஞ்சுவான், விரலை நக்குவான். எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. சொல்லியும் பார்த்தேன். பசிக்கிறது என்கிறான். நான் அவனுக்கு எதிரில்தான் உட்காருகிறேன். அவன் முடிக்கும் வரை எழுந்திருப்பதில்லை.

முப்பத்தெட்டு வருஷம் என் நாளுக்கு ஏழு பீரியட் இருந்தது. இப்போது நாள் அப்படி உடைவதில்லை. அவன் பின்வாசல் கதவைச் சாத்துகிற சத்தத்துக்கும் திறக்கிற சத்தத்துக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. அதற்கு நிமிஷக் கணக்கு கிடையாது. சாத்தினால் என் வயிறும் சேர்ந்து இறுகுகிறது. திறந்தால்தான் விடுகிறது.

என் வலது கையும் முன்போல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கார்பாலிக் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவச் சொன்னார்கள். பத்தொன்பது முறை கழுவினேன். தோல் வெடித்தது. இரண்டு விரல் நுனியிலும் அந்த வழுவழுப்பும் சூடும் போகவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டேன். எட்டாம் நாள் ஞானப்பூ கரண்டியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

"மூணு மணி நேரம் சும்மா இருந்த கைக்கு இப்ப என்ன இம்புட்டு சுத்தம்?" என்றாள்.

அந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன். சோறு கொஞ்சம் குழைந்திருக்கும் நாளில், வெதுவெதுப்பான வடிகஞ்சி விரலில் படும். அப்போது கை நிற்கிறது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரியாது. பிறகு எடுத்து வாயில் வைத்துக்கொள்கிறேன்.